அரண்மனைக்காரன் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை போங்கள்

எனக்கு வக்கீல் குமாஸ்தா வேலை. கேஸ் கட்டோடு சென்னை பாரிமுனையைச் சுற்றியே பிழைப்பு ஓடுகிறது. ஆர்மீனியன் தெருவைப் பார்க்க வருகிறேன் என்பவர்களிடம் முதலில் சொல்வது, வேலை நாளில் வராதீர்கள். ட்ரைசைக்கிளுக்கும் சரக்கு ஆட்டோவுக்கும் ஒதுங்கி ஒதுங்கியே தெரு முடிந்துவிடும்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு உயர்நீதிமன்ற மெட்ரோவில் இறங்குங்கள். என்.எஸ்.சி. போஸ் சாலையில் கோர்ட்டுக்கு எதிர்வரிசையில் வடக்கே பிரிகிறது தெரு. வழி கேட்டால் அரண்மனைக்காரன் தெரு என்றே கேளுங்கள், பழைய ஆட்களுக்கு அதுதான் பழக்கம்.

ஆர்மீனியன் தேவாலயத்துக்குள் ஒன்பதரைக்கு முன்பே நுழைந்துவிட வேண்டும். ஞாயிறன்று மணி அடிப்பது அப்போதுதான். கோபுரம் தேவாலயத்தை ஒட்டாமல் தனியே நிற்கிறது. உள்ளே ஆறு மணிகள், ஒவ்வொன்றும் சுமார் 150 கிலோ. பூசைக்கு வர இன்று சென்னையில் ஆர்மீனியர் கூட்டம் இல்லை, ஆனாலும் மணி நிற்கவில்லை. இப்போதுள்ள கட்டடம் 1772-இல் எழுந்தது.

மணி ஓய்ந்ததும் கிளம்பிவிடாதீர்கள். முற்றத்துக் கல்லறைகளை நிதானமாகப் பாருங்கள். உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ 1794-இல் சென்னையில்தான் அச்சானது. அதை நடத்திய பாதிரியார் ஹருத்யுன் ஷ்மாவோனியன் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். சைதாப்பேட்டையில் மர்மலாங் பாலம் கட்டிய ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கானை இங்கே தேட வேண்டாம், அவர் கல்லறை வேப்பேரியில்.

பக்கத்திலேயே புனித மரியன்னை இணைப் பேராலயம். எங்கள் பக்கத்தில் அந்தோணியார் கோயில் என்றால்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை மதம் பார்க்காமல் கூட்டம் நெரியும். ஞாயிறு பூசை நடந்தால் கேமராவைப் பையில் வையுங்கள்.

அன்னி பெசன்ட் கட்டிய கோகலே மண்டபமும் இதே தெருதான். சங்கீதமும் அரசியலும் முழங்கிய இடம், பாதி இடிபட்டுக் கிடக்கிறது. இடிந்த பகுதிக்குள் கால் வைக்காதீர்கள், வெளியே நின்று பார்த்தாலே வயிற்றெரிச்சலுக்குப் போதும்.

மிச்சம் இதே தெருவில் உள்ள கச்சாலீஸ்வரர் கோயில். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் கல்லறைகளிலேயே முழுப் பொழுதையும் கழித்துவிடாமல் பதினோரு மணிக்குள் அங்கே போய்ச் சேருங்கள்.