நீலகிரி மலையிலிருந்து இதழியல் படிக்கப் போகிறவர்களுக்கு: மூன்று வருடத்தை வீணாக்கும் தவறுகள்

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மூன்று பிள்ளைகளாவது வந்துவிடுவார்கள். நான் பல வருடம் இங்கே நிருபராக இருந்தவன். "அண்ணா, ஜர்னலிசம் எடுக்கலாமா?" என்பார்கள். தாராளமாக எடுக்கலாம். நல்ல படிப்பு. ஆனால் ஆசையோடு சேர்ந்த பிள்ளைகள் ஒரே மாதிரியான தவறுகளில் அந்த மூன்று வருடத்தைத் தொலைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

முதலாவது, பாடத்தின் பெயரைச் சரியாகப் பார்க்காமல் சேர்வது. விஸ்காம் என்கிற விஷுவல் கம்யூனிகேஷன் வேறு, இதழியல் வேறு. விஸ்காமில் புகைப்படம், எடிட்டிங், வடிவமைப்பு, விளம்பரம் ஆகியவைதான் பெரும்பகுதி. செய்தி எழுதுவதற்கு இடம் குறைவு. கேமராதான் பிடிக்கும் என்றால் அதையே எடுங்கள். நிருபராக வேண்டும் என்றால் ஆறு செமஸ்டர் பாடத்திட்டத்தையும் வாங்கிப் படித்துவிட்டுச் சேருங்கள். மாணவர்களே செய்தி சேகரித்து நடத்தும் பயிற்சிப் பத்திரிகை அந்தக் கல்லூரியில் உண்டா, கடைசி இதழ் எப்போது வந்தது என்று கேளுங்கள். அந்தப் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ படிக்கப் போனதும், செய்தி எல்லாம் அங்கேதான் இருக்கிறது என்று நினைப்பது அடுத்த தவறு. நீலகிரியில் ஆறு வட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய கதை ஓடிக்கொண்டிருக்கிறது. சீகூர் யானை வழித்தட வழக்கில் 2020 அக்டோபரில் வழித்தடத்தை உறுதிசெய்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அங்கே விடுதி நடத்தியவர்களும் அதில் வேலை பார்த்தவர்களும் பிறகு என்ன ஆனார்கள்? கூடலூரில் 1969ஆம் வருட ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17 நிலம், அதாவது யாருக்குச் சொந்தம் என்ற சிக்கல் தீராத நிலம், என்றால் டீக்கடையில் இருக்கிறவருக்குக்கூடத் தெரியும், ஊட்டியில் வளர்ந்த மாணவருக்குத் தெரிவதில்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் மலைக்கு வர இ-பாஸ் வந்தது. உள்ளூர் டாக்ஸி ஓட்டுநரின் வருமானத்தை அது என்ன செய்தது? விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் இதை எல்லாம் விட்டுவிட்டு, ஊட்டி ஏரியில் கூட்டம் என்று வீடியோ எடுத்துப் போடுகிறார்கள்.

எண்களுக்குப் பயப்படுவது இன்னொன்று. கணக்கு வராது என்பதால்தான் ஜர்னலிசம் எடுத்தேன் என்று பலரும் சொல்கிறார்கள். பச்சைத் தேயிலை விலையையே பாருங்கள். குன்னூர் ஏலத்தில் தேயிலைத்தூள் கிலோ இத்தனை ரூபாய், விவசாயிக்கு இலைக்குக் கிடைப்பது இத்தனை ரூபாய் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து, மீதி முழுவதும் எங்கே போனது என்று எழுதிவிடுவார்கள். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். அதைக் கணக்கில் எடுத்து, அப்புறம் தொழிற்சாலைச் செலவைக் கழித்துவிட்டுக் கேள்வி கேட்டால்தான் அது நிற்கும். விவசாயியின் குறை உண்மையானது. தப்புக் கணக்கோடு எழுதினால் எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு முழுச் செய்தியையும் தள்ளிவிடும். மழையும் அப்படித்தான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் பதிவானது. அதை 911 சென்டிமீட்டர் என்று எழுதினால் ஒரே எழுத்துப்பிழையில் மழை பத்து மடங்காகிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, முந்திக்கொள்வது. இதை நானே செய்திருக்கிறேன். ஒரு வடகிழக்குப் பருவமழையில் எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுச் சுவர் இடிந்து விழுந்தது. போனில் ஒருவர் மூன்று பேர் இறந்துவிட்டதாகச் சொன்னார், பெயர்களும் கொடுத்தார். பக்கம் முடியும் நேரம். அப்படியே அனுப்பிவிட்டேன். இறந்தது ஒருவர்தான், மற்ற இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். அதில் ஒரு பையனுடைய அக்கா திருப்பூரில் காலைப் பேப்பரில் தம்பி பெயரைப் பார்த்துவிட்டு, மேட்டுப்பாளையம் வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்திருக்கிறார். தம்பியின் கட்டில் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். திருத்தமும் வந்தது, உள்பக்கத்தில், நாலு வரி. அந்தப் பேருந்துப் பயணத்தை நாலு வரி எப்படி ஈடு செய்யும்? இறப்பு எண்ணிக்கை என்றால் ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை, காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதவே கூடாது. பெயர் போடுவதற்கு முன், வீட்டுக்காரர்களுக்குத் தகவல் போய்விட்டதா என்றும் பாருங்கள். வகுப்பில் இதற்கு மதிப்பெண் கிடையாது என்பதால் யாரும் பழகுவதில்லை. வாட்ஸ்அப்பில் வரும் யானை, சிறுத்தை வீடியோக்களிலும் இதையே செய்து பழகலாம்: கடைப் பலகை எந்த மொழி, வண்டியின் பதிவு எண் எந்த மாவட்டம், வீடியோவில் பேசுகிறவர்கள் எந்த ஊர்ப் பேச்சு. எங்கேயோ எடுத்த வீடியோ பந்தலூர் என்று சுற்றுவதை இந்த மூன்றும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

அரசாங்கத்தில் எந்தத் தாள் யாரிடம் இருக்கும் என்று தெரியாமலேயே பட்டம் வாங்கிவிடுகிறார்கள். விஏஓ, வருவாய் ஆய்வாளர், தாசில்தார், கோட்டாட்சியர் என்ற வரிசை முதல் செமஸ்டரிலேயே மனதில் இருக்க வேண்டும். 2005ஆம் வருடத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட 10 ரூபாய்தான். 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் வரத் தாமதமாகலாம், மேல்முறையீடு செய்ய வேண்டி வரலாம். மூன்று வருடத்தில் நாலு மனு போட்டுப் பாருங்கள். எப்படிக் கேட்டால் பதில் வரும் என்று கை பழகிவிடும்.

மலையில் பிறந்தும் மலை மக்களைத் தெரியாமல் எழுதுவது எனக்கு நிஜமாகவே வருத்தம் தருவது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறும் தனித்தனிச் சமூகங்கள். எல்லாரையும் ஒரே வரியில் 'மலைவாசிகள்' என்று எழுதினால் அதில் ஒருவரும் இல்லை. படுகர்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லை. சேர்க்கச் சொல்லும் கோரிக்கை நீண்ட காலமாக இருக்கிறது. கோரிக்கை இருப்பதையும் பட்டியலில் இருப்பதையும் குழப்பிய கட்டுரைகளை நிறையப் படித்துவிட்டேன். தோடர்களின் குடியிருப்பான மந்துக்குள் நுழைந்ததும் கேமராவை எடுக்காதீர்கள். கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

சட்டப் பாடத்தில் சீனியர்களின் பழைய நோட்ஸை நம்பக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அவதூறு இப்போது பிரிவு 356. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பிரிவு 72இல் குற்றம். குழந்தைகள் விஷயத்தில், அவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டமும் சேரும். சின்ன ஊரில் பெயரை மட்டும் மறைத்தால் போதாது. எஸ்டேட் பெயரையும் வகுப்பையும் போட்டாலே யார் வீட்டுப் பிள்ளை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

இன்டர்ன்ஷிப்பைக் கடைசி செமஸ்டரில் டிவி ஸ்டூடியோவில் சான்றிதழுக்காக மட்டும் செய்யாதீர்கள். முதல் வருட விடுமுறையிலேயே உள்ளூர் நிருபர் ஒருவரோடு போகத் தொடங்கலாம். திங்கட்கிழமை ஊட்டியில் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் வரிசை சேரும்போதே போய்விடலாம். மைக் வேண்டாம், நோட்டு போதும். மனுவோடு நிற்கிறவர் பக்கத்தில் நின்று, எந்த ஊரிலிருந்து வருகிறார், இது எத்தனையாவது மனு என்று கேளுங்கள். மறுபடியும் அடுத்த திங்கட்கிழமை போங்கள்.