பழைய கடல்நீர்த் தொட்டியில் புது மணல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓரிரு ஆண்டுகள் நன்றாக ஓடிய கடல்நீர் மீன்தொட்டியில் மணல் குறைந்திருப்பது இயல்பு. தண்ணீர் மாற்றும்போது சைஃபன் குழாயோடு கொஞ்சம் போய்விடும். கோபி மீன்கள் ஒரு மூலையில் மேடு எழுப்பி, மறு மூலையில் அடிக்கண்ணாடி தெரியும்படி தோண்டிவிடும். புது மணல் சேர்க்கலாம், தவறில்லை. ஆனால் பையை வாங்கி வந்த அன்றே முழுவதையும் பழைய மணல் மேல் கொட்டுவதுதான் ஆகப் பெரிய தவறு. மற்றத் தவறுகள் பெரும்பாலும் தண்ணீரைக் கலக்குவதோடு நிற்கும். இது மீன்களையே கொன்றுவிடக்கூடும்.

பழைய மணல் உயிருள்ளது. அதன் மேல்பரப்பில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். முட்புழுக்கள், கோபிபாட் எனும் நுண்ணிய ஓட்டுயிர்கள், சிறு நத்தைகள் என்று ஒரு கூட்டமே மணலுக்குள் வாழ்கிறது. இவற்றின் மேல் திடீரென்று 4, 5 சென்டிமீட்டர் மணல் விழுந்தால் அடியில் ஆக்சிஜன் எட்டாது. மேலே ஏறிவர முடியாதவை செத்து அழுகும், அம்மோனியா ஏறும். கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் இருப்பதால், அதே அளவு அம்மோனியா நன்னீர்த் தொட்டியைவிட இங்கே அதிகமாக நஞ்சாகும். பாக்டீரியாக்கள் குடியேறிய கடல்பாறை, அதாவது லைவ் ராக், நிறைய இருக்கும் தொட்டி ஓரளவு தாங்கும், ஏனெனில் பாக்டீரியாக்களில் பெரும்பங்கு பாறைகளில்தான் குடியிருக்கும். பாறை குறைவான தொட்டிக்கு ஆபத்து அதிகம்.

கணக்கு எளிது. 90 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் 2.5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 10 லிட்டர் மணல், அதாவது சுமார் 15 கிலோ வேண்டும். அதை மூன்று பங்காக்கி, ஒவ்வொரு பங்குக்கும் இடையே இரண்டு வாரம் விடுங்கள். ஒவ்வொரு முறையும் தரையின் ஒரு பகுதியில் மட்டும் போட்டால் புழுக்கள் பக்கவாட்டில் நகர்ந்து தப்பிக்கும். போட்ட பின் நான்கைந்து நாட்கள் தினமும் அம்மோனியாவைச் சோதியுங்கள். பூச்சியத்தில் நிற்காத வரை அடுத்த பங்கைத் தொடக் கூடாது.

பழைய மணலைக் கிளறிப் புதியதோடு கலப்பது அடுத்த தவறு. கண்ணாடியோரமாக ஆழத்தில் கருநிறத் திட்டுகள் தெரிந்தால் அங்கே ஆக்சிஜன் இல்லை என்று பொருள். அந்த இடத்தைக் குடைந்தால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைட் வெளிவரும். கூடவே பல மாதக் கழிவும் தண்ணீரில் கலக்கும். பழைய மணல் மிகவும் அழுக்காகிவிட்டது என்றால், ஒவ்வொரு தண்ணீர் மாற்றத்தின்போதும் ஒரு பகுதியை மட்டும் சைஃபனால் உறிஞ்சி வெளியே எடுத்துவிடுங்கள். சுத்தமான மேல்மணலில் ஒரு கோப்பை எடுத்துவைத்துப் புது மணல் மேல் தூவினால், பாக்டீரியாக்களும் சிற்றுயிர்களும் அங்கே சீக்கிரம் பரவும்.

உலர்ந்த அரகோனைட் மணலை, அதாவது கடைகளில் விற்கும் சுண்ணாம்பு வகை மணலைக், கழுவாமல் போடக் கூடாது. வாளியில் போட்டு அலசும்போது முதலில் பால்போல வெண்மையாக வரும். கலங்கல் தெளியும்வரை அலசி, கடைசி அலசலை ஆர்.ஓ. நீரில் முடியுங்கள். நீரை நன்றாக வடித்துவிட்டு உப்புநீரில் ஊறவைத்தால் தொட்டியின் உப்புத்தன்மை இறங்காது. பாக்டீரியாக்களோடு ஈரமாகப் பையில் வரும் ‘லைவ் சாண்ட்’ வேறு வகை. அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரின் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். பையைத் திறந்ததும் நாற்றம் அடித்தால் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். லைவ் சாண்ட் என்பதற்காக மொத்தமாகக் கொட்டவும் கூடாது. அடியில் புதையும் புழுவுக்கு மேலே விழுவது எந்த மணலாக இருந்தாலும் ஒன்றுதான்.

மணலை நீர்ப்பரப்பிலிருந்து தூவாதீர்கள். நீரோட்டம் உண்டாக்கும் பவர்ஹெட், வடிகட்டிய நீரைத் தொட்டிக்குத் திருப்பும் ரிட்டர்ன் பம்ப் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இரண்டு அங்குல பி.வி.சி. குழாயின் அடிமுனை தரைக்கு ஒரு விரல்கடை மேலே இருக்கும்படி பிடித்து, மேல்முனையில் புனல் வைத்து, ஈர மணலைக் கோப்பை கோப்பையாக மெதுவாக இறக்குங்கள். குழாயைச் சற்று நகர்த்தினால் மணல் சத்தமின்றிச் சரிந்து பரவும். புகைபோல எழும் மெல்லிய கலங்கலும் அதிக உயரத்துக்கு வராது. தரையில் கிடக்கும் மூளைப் பவளங்களை முன்கூட்டியே மேலே எடுத்து வையுங்கள். அவற்றின் தசையில் படிந்த மணலைப் பெரிய சொட்டுக்குழாயால் ஊதி அகற்றலாம். பம்புகளை ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைக்காதீர்கள், மீன்களுக்கு மூச்சு முட்டும். கண்ணாடி துடைக்கும் காந்தத்தைச் சில நாட்கள் மணல்மட்டத்துக்கு அருகே ஓட்ட வேண்டாம். இடையில் ஒரு மணல் மணி சிக்கினால் கண்ணாடியில் நிரந்தரக் கீறல் விழும்.

பாறைகளைத் தூக்கிப் புது மணல் மேல் வைப்பது பேராபத்து. பிஸ்டல் இறாலும் கோபியும் அடியைத் தோண்டும்போது பாறை சரிந்து மீனை நசுக்கும், கண்ணாடியை உடைக்கும். பாறை எப்போதும் தொட்டியின் அடித்தளத்திலேயே ஊன்றி நிற்கட்டும். மணல் அதைச் சுற்றி வரட்டும்.

கடற்கரை மணல் இலவசம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. தமிழகக் கடற்கரைகளில், குறிப்பாகக் கன்னியாகுமரிப் பக்கம், கருமையாகத் தெரியும் மணலில் இல்மனைட் போன்ற இரும்புக் கனிமங்கள் கலந்திருக்கின்றன. வலுவான காந்தத்தை அருகே கொண்டுபோனால் கரிய மணிகள் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். நகரக் கடற்கரை என்றால் சாக்கடையும் எண்ணெயும் சேரும். மன்னார் வளைகுடாத் தீவுகளில் பவளத்தை எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடையில் அரகோனைட் வாங்குங்கள், 1 முதல் 2 மில்லிமீட்டர் அளவில். மாவுபோன்ற மணல் சிறு நீரோட்டத்துக்கே பறக்கும். பருமனான உடைபவளத்தின் இடுக்குகளில் உணவு தங்கி அழுகும்.

மணல் அரிக்கும் டயமண்ட் கோபியைப் புது மணலை நம்பி உடனே வாங்காதீர்கள். அது உண்பது மணலுக்குள் வாழும் சிற்றுயிர்களை. அவை பெருகாத மணலில் மெலிந்து செத்துப்போகும். முதல் வாரங்களில் பழுப்புத் தூள்போல டயட்டம் எனும் நுண்பாசி படிந்தாலும் பயந்து மணலை மாற்ற வேண்டாம். அது வளரத் தேவையான சிலிக்கேட் தீர்ந்ததும் பெரும்பாலும் தானே மறையும், நத்தைகளும் மேயும். அம்மோனியா ஏறினால் மட்டும் தாமதிக்காதீர்கள். மணல் போடுவதற்கு முந்தைய நாளே 1.025 அடர்த்தியில் கலந்து, தொட்டியின் வெப்பநிலைக்குக் கொண்டுவந்த உப்புநீர், தொட்டி நீரில் கால்பங்கு அளவாவது கையிருப்பில் இருக்க வேண்டும். அதைக் கொண்டு உடனே தண்ணீரை மாற்றி, மறுநாளும் சோதியுங்கள்.