குறைந்த வருமானமுள்ள மூத்தோருக்கு வீவக வீடு: எங்கிருந்து தொடங்குவது?

சிங்கப்பூரில் பிள்ளைகள் தனிக்குடித்தனம் போன பிறகு நாலறை வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்கள் ஏராளம். வீடு பெரியது, வருமானமோ மத்திய சேமநிதியிலிருந்து மாதாமாதம் வரும் தொகை மட்டும்தான். சொந்த வீடே இல்லாத முதியவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பினருக்கும் அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில், அதாவது வீவகவில், வழி உண்டு. அதற்கு முன் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: போகும் இடம் உறுதியாகும் வரை இருக்கும் வீட்டை விற்க வேண்டாம்.

முதல் படி: கையில் என்ன இருக்கிறது?

ஒரு தாளில் எழுதுங்கள். சேமநிதி இருப்பு, மாத வரவு, வீட்டுக் கடன் பாக்கி. மருத்துவச் செலவுக்கென சேமநிதியில் இருக்கும் மெடிசேவ் பணத்தை இதில் சேர்க்காதீர்கள், அது வீட்டுக்கு உதவாது. வீட்டை விற்றால் வரும் தொகை முழுவதும் கைக்கு வராது என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த வீட்டுக்காக சேமநிதியிலிருந்து எடுத்த பணம், வட்டியுடன் மறுபடி சேமநிதிக்கே போகும். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

இரண்டாம் படி: எத்தனை ஆண்டுக் குத்தகை?

55 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள் ஈரறை ஃபிளெக்ஸி எனப்படும், ஒரு படுக்கையறையும் கூடமும் கொண்ட சிறிய வீவக வீட்டைக் குறுகியகாலக் குத்தகைக்கு வாங்கலாம். 15 முதல் 45 ஆண்டுகள் வரை, ஐந்தைந்து ஆண்டாகத் தேர்ந்தெடுக்கலாம். வழக்கமான 99 ஆண்டுக் குத்தகைக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியதில்லை என்பதால் விலை நன்றாகக் குறையும். முக்கிய நிபந்தனை, கணவன் மனைவி இருவருக்கும் 95 வயதாகும் வரையாவது குத்தகை நீடிக்க வேண்டும்.

கணக்கு எளிதுதான். கணவருக்கு 70, மனைவிக்கு 62 என்று வையுங்கள். இளையவரின் வயதைத்தான் எடுக்க வேண்டும். 95-இல் 62 போனால் 33. ஆக, 35 ஆண்டுக் குத்தகை. தனியாக இருக்கும் 67 வயதுக்காரருக்கு 28 வரும். அவர் 30 ஆண்டு எடுத்தால் போதும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று உடனே தாவிவிடக் கூடாது. இந்த வீட்டுக்குக் கடன் கிடையாது, சேமநிதியிலிருந்தோ ரொக்கமாகவோ முழுத் தொகையையும் கட்டியாக வேண்டும். வெளிச்சந்தையில் விற்க முடியாது, வாடகைக்கும் விட முடியாது. வேண்டாம் என்றால் வீவகவிடமே திருப்பித் தரலாம். மிச்சக் குத்தகைக்கான மதிப்பு திரும்ப வரும். என் கருத்து: வீட்டுக்குக் கட்டியது போக மருந்து, மின்சாரம், நகர மன்றக் கட்டணம் ஆகியவற்றுக்குத் தாராளமாகப் பணம் மிஞ்சினால் மட்டுமே இந்த வழியில் இறங்குங்கள்.

இருக்கும் வீட்டை விட்டு வர மனமில்லையா? 65 வயதானவர்கள் தங்கள் வீட்டுக் குத்தகையின் பிற்பகுதியை வீவகவிடமே விற்றுவிட்டு, அங்கேயே தொடர்ந்து குடியிருக்கும் திட்டம் ஒன்றும் உண்டு. கிடைக்கும் தொகை ஓய்வுக்காலக் கணக்கில் சேர்ந்து மாத வரவை உயர்த்தும். பழகிய அக்கம்பக்கத்தை விட்டுப் பிரியாமல் இருக்கலாம் என்பதால் இதையும் விசாரித்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: தகுதிக் கடிதம்

2023 மே மாதத்திலிருந்து, எந்தப் புது வீட்டுக்கு விண்ணப்பித்தாலும் முதலில் வீவகவின் தகுதிக் கடிதம் வாங்க வேண்டும். அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் மூலம் வீவக இணையத்தளத்தில் பெறலாம். கடைசி நேரத்துக்கு விடாமல் விற்பனை தொடங்கும் முன்பே வாங்கி வையுங்கள். கைப்பேசி பழக்கமில்லாதவர்கள் சமூக மன்றத்தில் இருக்கும் மின்னிலக்கத் தூதர்களிடம் கேட்கலாம். கடவுச்சொல்லை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள், சொந்தக்காரராக இருந்தாலும் சரி.

நான்காம் படி: விண்ணப்பம்

புதிதாகக் கட்டப்படும் வீடு என்றால் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். முடியாதவர்கள் எஞ்சிய வீடுகளின் விற்பனையைக் கவனியுங்கள், கட்டி முடித்த வீடுகளும் அதில் வரும். ஈரறை ஃபிளெக்ஸி வீடுகளில் குறைந்தது 40 விழுக்காடு மூத்தோருக்கென ஒதுக்கப்படுகிறது. ஆனால் நம்மவர்கள் மறக்கும் ஒன்று, ஒவ்வோர் அடுக்குமாடிப் புளோக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் உச்ச அளவு வைக்கும், 1989 முதல் நடப்பில் உள்ள இன விகிதாசாரம். வரிசை எண் நன்றாக இருந்தாலும், அந்தப் புளோக்கில் இந்தியர் பங்கு நிரம்பிவிட்டால் அங்கே வீடு எடுக்க முடியாது. அதனால் மனத்தில் ஒரே புளோக்கைப் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள்.

தினசரி யாராவது வந்து கவனிக்க வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள், 2021-இல் புக்கிட் பாத்தோக்கில் முதலில் விற்பனைக்கு வந்த சமூகப் பராமரிப்பு வீடுகளைப் பார்க்கலாம். 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கானவை. அடிப்படைச் சேவைக் கட்டணம் கட்டாயம் என்பதால் அதையும் கணக்கில் சேருங்கள்.

வாங்கவே வசதி இல்லை என்றால்

வீவகவின் பொது வாடகை வீடு இருக்கிறது. வாடகை வருமானத்தைப் பொறுத்தது. ஓரறை வீட்டுக்கு மாதம் 26 வெள்ளியிலிருந்து தொடங்குகிறது. குடும்பத்தின் மாத வருமானம் 1,500 வெள்ளிக்குள் இருக்க வேண்டும் என்பது நெடுங்கால அளவுகோல். தனியாக இருப்பவர்கள் இன்னொருவருடன் சேர்ந்தும் விண்ணப்பிக்கலாம். ஆனால் கடந்த 30 மாதங்களுக்குள் வீவக வீட்டை விற்றவருக்கு இது பொதுவாகக் கிடைக்காது. அவசரப்பட்டு விற்காதீர்கள் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இதுதான் காரணம்.

பிள்ளைகள் வைத்துக்கொள்ள முடியுமா என்றும் அதிகாரிகள் கேட்பார்கள். முடியாத நிலை என்றால் கூச்சப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். வருமானச் சான்று, மருத்துவக் கடிதம் இரண்டையும் கையோடு கொண்டு போங்கள். அன்றாடச் செலவுக்கே சிரமம் என்றால், வீடு கிடைக்கும் வரை காத்திராமல் அருகிலுள்ள சமூகச் சேவை அலுவலகத்தில் உதவித்தொகைக்கும் மனு கொடுத்துவிடுங்கள்.