வஹாகாவின் கெலகெட்சா விழாவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

மெக்சிகோவில் ஒரு திருவிழாவைப் பார்க்க வேண்டும், எதற்குப் போகலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது கெலகெட்சாவைத்தான். நவம்பர் தொடக்கத்தில் வரும் இறந்தோர் நாள் உலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஜூலையில் தெற்கு மெக்சிகோவின் வஹாகா நகரத்தில் நடக்கும் இந்த விழாவைப் பற்றி நம் பக்கம் கேள்விப்பட்டவர்கள் குறைவு. வஹாகா மாநிலத்தில் பதினாறு பூர்வகுடி இனத்தார் வாழ்கிறார்கள். மலை, கடற்கரை, பள்ளத்தாக்கு என்று சிதறிக் கிடக்கும் 570 நகராட்சிகள் அங்கே உண்டு. அவற்றில் பல ஊர்கள் தங்கள் ஆட்டம், இசை, உடை, விளைச்சல் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மாநிலத் தலைநகரான வஹாகா நகரத்தில் வந்து கூடுவது விழா நடக்கும் இரண்டு திங்கட்கிழமைகளில்தான்.

கிளம்பும் முன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த விழாவுக்கு அடியில் ஒரு ஊர்ப்பழக்கம் இருக்கிறது. அந்தப் பதினாறு இனங்களில் ஒன்றான சபோதெக் மக்களின் கிராமங்களில் ஒரு வீட்டில் கல்யாணமோ சாவோ வந்தால் உறவும் அக்கம்பக்கமும் வான்கோழி, மக்காச்சோளம், முட்டை, கொக்கோ என்று கொண்டுவந்து கொடுப்பார்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது நோட்டில் ஏறும். கொடுத்தவர் வீட்டில் விசேஷம் வரும்போது அதே பொருள், அதே அளவு திரும்பப் போக வேண்டும். நம் ஊர் மொய் நோட்டைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குப் பெயர்தான் கெலகெட்சா. மேடையில் ஆடி முடித்த ஒவ்வொரு ஊராரும் தங்கள் மண்ணில் விளைந்ததைக் கூட்டத்தை நோக்கி வீசுவது இதனால்தான். ஆட்டத்தைப் போலவே அந்த வீச்சும் விழாவின் உயிர்.

படி 1: தேதியைக் கணக்கிடுங்கள்

ஜூலை 16 கார்மெல் அன்னையின் திருநாள். அதற்குப் பின் வரும் இரண்டு திங்கட்கிழமைகளில் விழா. ஊர்க்காரர்கள் இவற்றைக் குன்றின் திங்கள் என்பார்கள், ஏனென்றால் நிகழ்ச்சி நடப்பது நகரத்தின் ஓரத்தில் உள்ள ஃபோர்தின் குன்றில். 2025இல் ஜூலை 21, 28 ஆகிய நாட்களில் நடந்தது. இதே கணக்குப்படி 2026இல் ஜூலை 20, 27. 2027இல் ஜூலை 19, 26.

ஒரே ஒரு விதிவிலக்கு. முதல் திங்கள் ஜூலை 18இல் விழுந்தால் விழா ஒரு வாரம் தள்ளிப்போகும். அன்று பெனிட்டோ ஹுவாரெஸின் நினைவு நாள். வஹாகா மலைப்பகுதியின் கெலதாவ் என்ற சிற்றூரில் சபோதெக் குடும்பத்தில் பிறந்து நாட்டின் குடியரசுத் தலைவரானவர், 1872இல் அந்தத் தேதியில் இறந்தார். அவர் மறைந்த நாளில் அவருடைய மண்ணில் ஆட்டம் பாட்டம் வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள். 2022இல் அப்படித்தான் ஜூலை 25, ஆகஸ்ட் 1 என்று நடந்தது. கணக்குப் போட்டபின் மாநில அரசின் அறிவிப்பையும் ஒருமுறை பார்த்துவிட்டு விமான டிக்கெட் எடுங்கள்.

படி 2: விசா, பயணம், அறை

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஏதாவது ஒன்றின் செல்லுபடியாகும் விசா உங்கள் கடவுச்சீட்டில் இருந்தால் மெக்சிகோவுக்குத் தனியாகச் சுற்றுலா விசா வேண்டியதில்லை. இல்லாதவர்கள் மெக்சிகோ தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அமெரிக்க விமான நிலையம் ஒன்றில் மாறிப் போகும் டிக்கெட் மலிவாகக் கிடைக்கும்போது கவனம்: அங்கே விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா கேட்பார்கள்.

மெக்சிகோ நகரத்திலிருந்து வஹாகாவுக்கு விமானத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பேருந்தில் ஆறு ஏழு மணி நேரம் ஆகும். நகரத்தின் கிழக்கே உள்ள தாப்போ பேருந்து நிலையத்திலிருந்து நல்ல வண்டிகள் கிளம்புகின்றன. பகலில் போனால் வழியில் கள்ளிக்காடு மூடிய மலைகளைப் பார்க்கலாம். நான் பேருந்தைத்தான் சிபாரிசு செய்வேன்.

அறையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஜூலையின் பின்பாதியில் நகர மையத்தில் அறை கிடைப்பது கடினம், வாடகையும் ஏறிவிடும். பல மாதம் முன்பே சாந்தோ தொமிங்கோ தேவாலயத்திலிருந்து நடக்கும் தொலைவில் பிடித்துவிடுங்கள். ஊர்வல நாட்களில் மையத்துக்குள் வண்டி நுழையாது, கால்தான் கைகொடுக்கும். நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெயில் சுள்ளென்று அடித்தாலும் மாலையில் குளிர்ந்துவிடும். ஜூலை மழைக்காலமும்கூட, பிற்பகல் மழைக்கு ஒரு மெல்லிய மழைக்கோட்டு எடுத்துவையுங்கள். குடை வேண்டாம், பின்னால் இருப்பவருக்கு மேடை மறைந்துவிடும்.

படி 3: அரங்குக்குள் நுழைவது

குன்றின் சரிவில் திறந்தவெளி அரங்கு ஒன்றை 1974இல் கட்டினார்கள். சுமார் பதினோராயிரம் பேர் உட்காரலாம். ஒவ்வொரு திங்களும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு காட்சிகள். மேடைக்கு அருகில் இருக்கும் ஏ, பி பகுதிகளுக்குக் கட்டணம் உண்டு. அண்மை ஆண்டுகளில் ஒரு இருக்கை ஆயிரம் பெசோவைத் தாண்டியிருக்கிறது. விழாவுக்குச் சில மாதங்கள் முன்பு இணையத்தில் விற்பனை தொடங்கும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். மேலே உள்ள சி, டி பகுதிகள் இலவசம், முந்தியவர்க்கே இடம். காலைக் காட்சிக்கு விடியும் முன்பே குன்றின் படிகளில் வரிசை நிற்கும்.

எதை எடுப்பது? வீசுகிற பொருட்கள் அதிகம் வந்து விழுவது கீழ்ப்பகுதிகளில்தான். ஆனால் வஹாகாவின் குடும்பங்கள், பாட்டி முதல் பேத்தி வரை, சாப்பாட்டுப் பையோடு வந்து உட்காருவது மேலே. தங்கள் ஊர்க் குழு மேடைக்கு வரும்போது அவர்கள் எழுப்பும் சத்தத்தை நடுவில் இருந்து கேட்பது ஒரு பாக்கியம். உடம்பு தாங்குமானால் மேலேயே போங்கள்.

படி 4: சனியும் ஞாயிறும் வீணாகக் கூடாது

திங்களுக்கு மட்டும் வந்துவிட்டுப் போகிறவர்கள் பாதியை இழக்கிறார்கள். முந்தைய சனிக்கிழமை மாலை எல்லா ஊர்க் குழுக்களும் நகரத் தெருக்களில் ஊர்வலம் போகும். காசு இல்லை, சீட்டு இல்லை. கம்பின் உச்சியில் சுழலும் பெரிய துணிப்பந்துகள், ஆள் உள்ளே நின்று ஆட்டும் ராட்சதப் பொம்மைகள், தலையில் பூக்கூடை ஏந்திய வஹாகா நகரத்துப் பெண்கள், ஒன்று முடியும் முன் அடுத்தது தொடங்கும் பித்தளை வாத்தியக் குழுக்கள். மேடைக்கும் உங்களுக்கும் இடையில் தூரம் இருக்கும். இங்கே அவர்கள் உங்கள் தோளை உரசிக்கொண்டு போவார்கள். மிட்டாய் வீசுவார்கள், மூங்கில் குவளையில் மெஸ்கால் என்ற கற்றாழை மதுவை நீட்டுவார்கள். குடிக்காதவர்கள் கையை நெஞ்சில் வைத்து ‘கிராசியாஸ்’ (நன்றி) என்றால் போதும், யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

வாத்தியக் குழுக்களைக் கவனித்துக் கேளுங்கள். வடக்கு மலையில் வாழும் மீஹே இனத்தாரின் ஊர்களில் பிள்ளைகள் சின்ன வயதிலேயே இசைக்குறிப்புகளை வாசிக்கப் பழகுகிறார்கள். த்லாவிதோல்தெபெக் என்ற மலையூரில் அதற்கென்றே ஓர் இசைப்பள்ளி நடக்கிறது.

ஞாயிறு மாலை ‘பானி ஸ்துயி குலால்’ என்ற நாட்டிய நிகழ்ச்சி வழக்கமாக உண்டு. ஸ்பானியர் வருகைக்கு முன் மக்காச்சோளத் தெய்வத்துக்கு எடுத்த விழாவில் தொடங்கி, இந்தக் கொண்டாட்டம் காலந்தோறும் எப்படி மாறியது என்று காட்டுவார்கள். அதில் ஒரு கட்டத்தை முன்பே தெரிந்துகொண்டு போவது நல்லது. 1931 ஜனவரியில் ஒரு பெரிய நிலநடுக்கம் வஹாகா நகரத்தைச் சிதைத்தது. மறுவருடம் அந்த நகரத்துக்கு 400 வயது. இடிந்து கிடந்த ஊருக்குத் தெம்பு வேண்டியிருந்தது. மாநிலத்தின் பகுதிகளிலிருந்தெல்லாம் மக்கள் காணிக்கைப் பொருட்களோடு குன்றுக்கு வந்தார்கள். இன்றைய விழாவின் வடிவம் அந்த 1932இல் பிறந்தது.

படி 5: திங்கட்கிழமை மேடையைப் படிப்பது எப்படி

எட்டுப் பகுதிகள், ஒரு காட்சிக்குப் பத்துக்கு மேற்பட்ட குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் சில நிமிடங்கள்தான். அடையாளம் தெரியாமல் பார்த்தால் எல்லாம் வண்ணப்பாவாடையாகவே தெரியும். அதனால் இந்த நான்கை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு உட்காருங்கள், மற்றவை தானே பிடிபடும்.

தெவாந்தெபெக் பூசந்திப் பெண்களைத் தவறவிட முடியாது. கறுப்பு வெல்வெட்டில் பெரிய பெரிய பூக்கள் தைத்த மேலாடை, பாவாடையின் அடியில் வெள்ளைச் சரிகைக் கரை, கழுத்தில் தங்கக்காசு மாலை. சிலர் முகத்தைச் சுற்றி விரியும் வெள்ளைச் சரிகைத் தலையணி போட்டிருப்பார்கள். ஓவியர் ஃப்ரீடா காலோ விரும்பி உடுத்தியது இந்த ஊர் உடையைத்தான். இவர்களுடைய நடை மெதுவானது. அவசரமே இல்லாமல் மேடை முழுவதையும் எடுத்துக்கொள்வார்கள்.

இறகு நடனம் மத்தியப் பள்ளத்தாக்குகளுடையது. ஆளின் தோளகலத்தைத் தாண்டி விரியும் இறகுக் கிரீடத்தோடு ஆண்கள் குதித்துச் சுழல்வார்கள். அஸ்தெக் பேரரசர் மொக்தெசூமாவும் ஸ்பானியத் தளபதி கோர்த்தெஸும் மோதிய கதை இது, தோற்ற பூர்வகுடிகளின் வழிவந்தவர்களே ஆடுகிறார்கள். தியோதித்லான் தெல் வாயே என்ற நெசவாளர் ஊரில் இதை ஆடுகிற இளைஞர்கள் மூன்று வருடம் ஆடுவதாக நேர்ந்துகொண்டு ஆடுகிறார்கள். அவர்களுக்கு இது பிரார்த்தனை. அவர்கள் ஆடும்போது பக்கத்தில் பேசாமல் இருங்கள்.

கடற்கரையின் பினோதெபா குழு வந்தால் ஆட்டம் நடுவில் நிற்கும். ஒரு ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று குறும்பான செய்யுளில் ஒருவரையொருவர் வம்புக்கு இழுப்பார்கள். ஸ்பானிஷ் புரியாவிட்டாலும் அரங்கம் சிரிக்கும் வேகத்தில் உங்களுக்கும் சிரிப்பு வரும்.

கடைசியில் அன்னாசி நடனம். துஸ்தெபெக் பகுதிப் பெண்கள் தோளில் அன்னாசியோடு, இரட்டைச் சடையோடு, வரிசை குலையாமல் ஆடுவார்கள். கூட்டம் அதிகம் காத்திருப்பது இதற்காகத்தான். இது பழங்காலத்து ஆட்டம் என்று நினைத்துவிடாதீர்கள்; 1958இல் பவுலினா சோலிஸ் என்ற ஆசிரியை அமைத்தது. அதனால் இதன் மதிப்பு குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு பெண்ணும் உடுத்தியிருக்கும் நீண்ட வீபில் அங்கியின் நெசவைப் பாருங்கள், ஒன்றுபோல் ஒன்று இருக்காது. பாப்பலோவாப்பன் ஆற்றுப்பகுதியின் வெவ்வேறு ஊர்களின் அங்கிகள் அவை.

ஆட்டம் முடிந்ததும் வீச்சு. அன்னாசி, ரொட்டி, மாம்பழம், பனையோலைத் தொப்பி, காப்பிப் பொட்டலம் என்று ஊருக்கேற்ப வரும். அன்னாசி கனமானது. செல்பேசியைப் பையில் போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். பிடித்ததில் பாதியைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பது அங்கே இயல்பு, நீங்களும் கொடுங்கள்.

படி 6: ஒரு கிராமத்து கெலகெட்சாவுக்கும் போங்கள்

எந்த ஊர் மேடை ஏறலாம் என்பதை நம்பகத்தன்மைக் குழு என்ற ஒரு குழு ஊர் ஊராகப் போய்ப் பார்த்து முடிவு செய்கிறது. உடையும் அடவும் மரபுப்படி இருக்கின்றனவா என்று சோதிப்பார்கள். அரசு நடத்தும் விழா சுற்றுலாப் பயணிகளுக்கானதாகிவிட்டது என்ற வருத்தம் வஹாகா மக்களிடம் உண்டு. 2006இல் ஆசிரியர் போராட்டம் மாநிலத்தையே உலுக்கியபோது அரசு விழா ரத்தானது. ஆசிரியர்கள் தாங்களே மக்கள் கெலகெட்சா என்று கட்டணமில்லாமல் ஒன்றை நடத்தினார்கள், அது பிறகும் தொடர்ந்தது.

அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் ஒரு திங்களைக் குன்றுக்கும் மறு திங்களைச் சாச்சிலாவுக்கோ குயிலாபத்துக்கோ ஒதுக்குங்கள். இரண்டும் நகரத்துக்குப் பக்கத்து ஊர்கள், பகிர்வு டாக்சியில் போய்விடலாம். இங்கே ஆடுகிறவரின் அம்மா உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். படம் எடுக்கும் முன் அவரிடம் கேளுங்கள். துணியோ மண்பாண்டமோ வாங்குவதானால் செய்தவர் கையிலிருந்தே வாங்குங்கள். மாதக்கணக்கில் இடுப்புத்தறியில் நெய்த வீபிலுக்குப் பேரம் பேசாதீர்கள்.

படி 7: சாப்பாடு, திரும்பும் பயணம்

சைவம் சாப்பிடுபவர்களுக்கு வஹாகா கஷ்டமான ஊர் அல்ல, ஆனால் ஒரு கண்ணி உண்டு. த்லாயுதா என்ற தட்டகலச் சோள ரொட்டியில் அவரைக் கூழும் கெசியோ என்ற நூல் பாலாடைக்கட்டியும் வைப்பார்கள். அவற்றுக்கு அடியில் அசியெந்தோ என்ற பன்றிக்கொழுப்பைத் தடவியிருப்பார்கள். ‘சின் கார்னே, சின் அசியெந்தோ’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதலாவதை மட்டும் சொன்னால் கறி போகும், கொழுப்பு இருக்கும். அவரைக் கூழையும் பன்றிக்கொழுப்பில் தாளிப்பது உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தெஹாதே கவலையின்றிக் குடிக்கலாம்: மக்காச்சோளம், கொக்கோ, மாமேய் பழக்கொட்டை, ஒரு வகைப் பூ எல்லாம் அரைத்துத் தண்ணீரில் கையாலேயே கலக்கி, நுரை மேலே திரளத் தருவார்கள். சான் அந்திரேஸ் வயாபம் ஊர்ப் பெண்கள் இதில் பேர்போனவர்கள்.

இரண்டு திங்களுக்கும் இடைப்பட்ட வாரத்தில் மோன்தே அல்பான் இடிபாடுகளுக்கு ஒரு காலைப்பொழுதும், தியோதித்லான் நெசவுக்கு ஒரு நாளும் வையுங்கள். திரும்பும் பேருந்துச் சீட்டை வந்திறங்கிய அன்றே வாங்கிவிடுங்கள். செவ்வாய்க்கிழமை காலையில் நகரமே கிளம்பும்.