இசட் புள்ளி குறைந்தவர்கள் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்தரப் பெறுபேறு வந்ததும் திருகோணமலையில் அதிகம் நடக்கும் தவறு இதுதான்: சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளிப் பட்டியலை எடுத்து, தன் இசட் புள்ளியோடு (பாடத்தின் சராசரியோடு ஒப்பிட்டுத் தரப்படுத்திய புள்ளி) ஒப்பிட்டு, எட்டாதவை என்று தோன்றும் கற்கைநெறிகளையெல்லாம் விண்ணப்பத்திலிருந்து நீக்கிவிடுவது. எங்கள் மாவட்டத்துக்கு இந்தக் கணக்கு சரிவராது. ஏன் என்று பார்ப்போம்.

ஒரு கற்கைநெறிக்கு நாடு முழுவதும் 200 இடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 வீதம், அதாவது 80 இடங்கள், அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். 55 வீதமான 110 இடங்கள் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பிரியும். மிஞ்சும் 10 இடங்கள் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலையும் அதில் ஒன்று. 2012 குடிசன மதிப்பீட்டின்படி எங்கள் மாவட்டத்தில் சுமார் 3,80,000 பேர். நாட்டில் 2 கோடி 3 இலட்சத்துக்கு மேல். ஆக எங்கள் பங்கு ஏறக்குறைய 2 வீதம்தான். 110 இடங்களில் ஏறக்குறைய இரண்டுதான் எங்களுக்கு.

வெட்டுப்புள்ளி என்பது கடைசியாகத் தெரிவானவரின் இசட் புள்ளி. முன்கூட்டியே யாரும் அதை நிர்ணயித்து வைப்பதில்லை. இரண்டே இடமுள்ள மாவட்டத்தில், முன்னால் நிற்கும் ஒருவர் திறமை ஒதுக்கீட்டில் உள்ளே போய்விட்டாலோ வேறு கற்கைநெறியை முதலில் போட்டிருந்தாலோ, கதவு அடுத்தவருக்குத் திறந்துவிடும். புள்ளி சட்டென்று இறங்கும், அடுத்த ஆண்டு ஏறும். இடங்கள் நிறைய உள்ள கொழும்பில் ஓர் ஆள் மாறினால் பெரிதாக ஒன்றும் அசையாது. ஆகவே ஓர் ஆண்டுப் பட்டியலை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மூன்று நான்கு ஆண்டுகளின் வெட்டுப்புள்ளிகளைத் திருகோணமலை நிரலில் வரிசையாக எழுதிப் பாருங்கள். உங்கள் புள்ளி அந்த ஏற்ற இறக்கத்துக்குள் விழுந்தால் அது வாய்ப்புள்ள கற்கைநெறிதான்.

இதிலிருந்து கிளைப்பது விருப்ப ஒழுங்கில் வரும் தவறு. "கிடைக்காததை முதலில் போட்டால் கிடைப்பதும் போய்விடும்" என்று பயந்து, கட்டாயம் கிடைக்கும் என நினைப்பதை முதலாவதாகப் போடுகிறார்கள். தெரிவு இசட் புள்ளி ஒழுங்கில் நடக்கிறது. உங்கள் முறை வரும்போது முதல் விருப்பம் கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள். கடினமானதை மேலே போட்டதற்குத் தண்டனை எதுவும் இல்லை. மாறாக, பாதுகாப்பானதை மேலே போட்டு அதற்கே தெரிவானால், கீழே எழுதிய நல்ல கற்கைநெறிக்குப் புள்ளி போதுமாக இருந்தாலும் பயனில்லை. உண்மையில் விரும்பும் ஒழுங்கிலேயே எழுதுங்கள். பட்டியலின் அடிப்பகுதியை மட்டும் பாதுகாப்பான தெரிவுகளால் நிரப்புங்கள். ஒவ்வொரு யூனிகோட் எண்ணையும் (பல்கலைக்கழகக் கற்கைநெறிக்கான குறியீட்டு எண்) பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலோடு இரண்டு தடவை சரிபார்க்க வேண்டும். ஒரே கற்கைநெறி வேறு பல்கலைக்கழகத்தில் வேறு எண்ணில் இருக்கும்.

கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகம் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தரும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. அப்படி ஒரு விதி இல்லை. எல்லா மாவட்டத்தவரும் அங்கு ஒரே விதிகளின்படிதான் வருகிறார்கள். அதேபோல் எல்லாக் கற்கைநெறிக்கும் மாவட்ட ஒதுக்கீடு உண்டு என்று நினைப்பதும் பிழை: கலைக் கற்கைநெறிக்கான அனுமதி அகில இலங்கைத் திறமை ஒழுங்கில் நடப்பது.

குறைந்த புள்ளிக்காரருக்கு உண்மையான கதவு ஒன்று இருக்கிறது. அதையே பலர் தவறவிடுகிறார்கள். சில கற்கைநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சையோ செயன்முறைப் பரீட்சையோ வைப்பார்கள். கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் இசை, நடனம் போன்றவை அந்த வகை. இதற்குப் பல்கலைக்கழகம் தனியாக விளம்பரம் செய்யும், தனி விண்ணப்பம், தனி முடிவுத் திகதி. பரீட்சையில் சித்தியடைந்துவிட்டு மானியங்கள் ஆணைக்குழு விண்ணப்பத்தில் அந்த யூனிகோட்டைப் போட மறந்தால் அனுமதி இல்லை. யூனிகோட்டைப் போட்டுவிட்டுப் பரீட்சைக்கு விண்ணப்பிக்காவிட்டாலும் அதே கதிதான்.

மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கமிருந்து யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ போய் உயர்தரம் படித்தவர்கள் தங்கள் மாவட்டம் எது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வீட்டு விலாசத்தை மட்டும் வைத்து அது முடிவாவதில்லை; பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தீர்கள் என்பதே முக்கியம். அதிபர் தரும் சான்றிதழும் விண்ணப்பத்தில் எழுதுவதும் ஒத்துப்போக வேண்டும். பொய்த் தகவல் பின்னால் பிடிபட்டால் பெற்ற அனுமதியும் பறிபோகும்.

மீண்டும் எழுத நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். இலகுவான பாடத்துக்கு மாறினால் இசட் புள்ளி ஏறும் என்பது தவறான எண்ணம். சராசரி 65, நியம விலகல் 10 உள்ள பாடத்தில் 75 எடுத்தால் இசட் 1.0. சராசரி 35, நியம விலகல் 16 உள்ள பாடத்தில் 55 எடுத்தால் 1.25. எல்லாரும் கூட எடுக்கும் பாடத்தில் நீங்கள் கூட எடுப்பதற்குப் பெறுமதி குறைவு.

பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கில் எடுப்பது மூன்று தடவைகளை மட்டும். ஒரே தடவையில் மூன்று பாடமும் சித்தியடைய வேண்டும். உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளியாவது இருக்க வேண்டும். பிரதான பாடங்களிலேயே கவனம் வைத்து அந்த 30-ஐ இழப்பவர்கள் உண்டு. மீள எழுதும் எண்ணம் இருந்தாலும் இந்த ஆண்டு விண்ணப்பத்தை விட்டுவிடாதீர்கள். வெட்டுப்புள்ளி வந்தபின் முடிவெடுக்கலாம். ஆனால் அதுவரை காத்திருந்து அடுத்த பரீட்சை விண்ணப்பத் திகதியைக் கோட்டை விடக் கூடாது. பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துவிட்டால் மறுபடி எழுதிப் புதிதாக விண்ணப்பிக்கும் வழி அடைபடும் என்பதால், கையெழுத்திடும் முன் கைநூலின் அந்தப் பகுதியை வாசியுங்கள். மீள்பரிசீலனைக்கு அனுப்பியவர்களும் அதன் முடிவுக்காக விண்ணப்பத்தைத் தாமதிக்கக் கூடாது.

திருகோணமலை உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் உயர் தேசிய டிப்ளோமாக்களுக்கு மானியங்கள் ஆணைக்குழுவோடு தொடர்பில்லை. அழைப்பும் திகதியும் வேறு. பல்கலைக்கழக முடிவு வந்தபின் பார்ப்போம் என்றிருந்தால் அங்கும் விண்ணப்பம் முடிந்திருக்கும். இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள்.