ஊரில் கல்யாணம், நாலு கடையில் லிஸ்ட்

பிள்ளைக்கு ஊரில் கல்யாணம் வைக்கலாம் என்று டாலஸிலோ டொராண்டோவிலோ உட்கார்ந்து முடிவெடுப்பவர்கள், மண்டபம், சமையல், நாதஸ்வரம், வீடியோ என்று எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரிப்பார்கள். பரிசு விஷயத்தை மட்டும் பிள்ளைகளிடம் விட்டுவிடுவார்கள். பிள்ளைகள் அங்கே பார்த்துப் பழகியபடி, பிடித்த கடைகளில் வேண்டிய சாமான்களைக் குறித்துவைத்து, அந்தப் பட்டியலைச் சொந்தபந்தம் எல்லாருக்கும் அனுப்பிவிடுவார்கள். சிகாகோவில் மார்ஷல் ஃபீல்ட்ஸ் கடை 1924-இல் ஆரம்பித்துவைத்த பழக்கம் இது. அமெரிக்காவில் இதற்காக யாரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. பட்டுக்கோட்டைப் பக்கம் கோபித்துக்கொள்வார்கள்.

என் மகனும் மருமகளும் நாலு கடைகளில் லிஸ்ட் போட்டார்கள். தஞ்சாவூரில் ஒரு பாத்திரக்கடை, கும்பகோணத்தில் குத்துவிளக்குக் கடை, ஒரு நகைக்கடை, மிக்ஸி கிரைண்டர் விற்கிற கடை ஒன்று. நீங்களும் தாராளமாகப் போடலாம். ஆனால் அமெரிக்கக் கடையில் ஒருவர் ஒரு பொருளை வாங்கிவிட்டால் அது பட்டியலிலிருந்து தானாக அடிபட்டுவிடும். இங்கே நம் லிஸ்ட் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டில் இருக்கும். அதை எழுதிக்கொண்ட பையன் அடுத்த வாரம் வேறு மாடிக்குப் போயிருப்பான். கடைக்கும் கடைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மூன்று வீட்டார் மூன்று இட்லிப் பானை வாங்கிவிட்டார்கள், ஒரே அளவு. திருப்பிக் கொடுக்கலாம் என்று போனால் மூன்றிலும் விளிம்பை ஒட்டிப் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறது, "அன்பளிப்பு" என்று தொடங்கி ஊர்ப் பெயர் வரைக்கும். பெயர் வெட்டிய பாத்திரத்தை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. எடுத்தால் பழைய எவர்சில்வர் விலைக்குத்தான்.

அதனால் எத்தனை கடையில் லிஸ்ட் போட்டாலும் கணக்கு ஒருத்தர் கையில் இருக்கட்டும். உள்ளூரில் இருக்கிற, போனை எடுக்கிற, எல்லாரையும் முறை சொல்லிக் கூப்பிடுகிற ஒரு அத்தையோ சித்தியோ நல்லது. வாங்கப் போகிறவர் முதலில் அவருக்கு ஒரு போன் போட வேண்டும். கடையிலும் அந்த அத்தையின் நம்பரையே கொடுங்கள். என் மகன் தன் டாலஸ் நம்பரைக் கொடுத்தான். அமெரிக்க நம்பரும் பத்து இலக்கம்தான், முன்னால் இருக்கிற +1-ஐ விட்டுவிட்டுக் கணினி அதை ஏற்றுக்கொண்டது. பரிசுச் சீட்டை (கிஃப்ட் வவுச்சர்) மாற்றப் போன அன்று ஓடிபி எங்கே போனதோ, எங்கள் போனுக்கு வரவில்லை. மேனேஜர் "சிஸ்டத்துல போயிடுச்சுங்க" என்றார். அந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்ல எனக்கு இன்னும் தெரியவில்லை. இதற்குள் ஆடி பிறந்துவிட்டால் இன்னொரு பாட்டு: தள்ளுபடி விலைக்குப் பரிசுச் சீட்டு செல்லாது என்பார்கள். ஆனி முகூர்த்தம் வைக்கிறவர்கள் ஆடிக்கு முன்பே எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும்.

மின்சாதனம் பற்றி ஒரே வரி. இங்கே 230 வோல்ட், அமெரிக்காவிலும் கனடாவிலும் 120. 110 வோல்ட் மிக்ஸி என்று கேட்டு வாங்கினால் உண்டு; இல்லாவிட்டால் அது ஊர் வீட்டுக்குத்தான். குத்துவிளக்கை மட்டும் மனசார எழுதுங்கள். நாச்சியார்கோவில் விளக்கு அடிப்பாகம், தண்டு, தட்டு, உச்சி என்று தனித்தனியாக மரை சுற்றிக் கழன்றுவிடும், பெட்டியில் அடங்கும். எடை போட்டுத்தான் விலை சொல்வார்கள், அதனால் எவ்வளவு கனம் வேண்டும் என்பதையும் லிஸ்டிலேயே எழுதிவிடலாம். நகைக்கடையில் பல பேர் சேர்ந்து ஒரு சங்கிலிக்குப் பணம் கட்டுவதாக இருந்தால், கட்டிய நாள் விலையா, எடுக்கிற நாள் விலையா என்பதை எழுதி வாங்குங்கள். சேதாரத்தையும் அப்போதே பேசிவிடுங்கள். 2023 ஏப்ரல் முதல் தங்க நகையில் ஹால்மார்க்கோடு, எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம் உள்ள எச்யூஐடி என்கிற அடையாளக் குறியீடும் இருந்தால்தான் கடையில் விற்கலாம். பிஐஎஸ் கேர் என்கிற அரசுச் செயலியில் அதை அடித்துப் பார்க்கலாம். பில் 2 லட்சத்தைத் தாண்டினால் பான் எண் கேட்பார்கள். யார் பெயரில் பில் என்பதைக் கவுண்டரில் நின்று யோசிக்காமல் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள்.

இனி என் அண்ணன்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் லிஸ்டைப் போட்டதும் சித்தப்பா பிள்ளைகள் எல்லாம் கைதட்டுகிற பொம்மை போட்டார்கள். அண்ணன் பார்த்திருக்கிறார், நீலக் கோடு விழுந்திருக்கிறது, ஒரு வார்த்தை இல்லை. அண்ணிதான் போன் செய்தார். "ஏம்மா, அவருக்கு எதுக்கு அதை அனுப்புனீங்க? ராத்திரி சாப்பாட்டத் தள்ளி வச்சிட்டாரு." நான் கூப்பிட்டேன். எடுத்ததுமே, "தாய்மாமன் சீரை நான் கடையில போயி டிக்கடிச்சு வாங்கணுமா பாப்பா? ஏர் பிரையர் இன்னும் யாரும் வாங்கலன்னு போட்டிருக்கு. அதான் எனக்கு ஒதுக்கினதா?" என்றார்.

யாரும் யாருக்கும் எதையும் ஒதுக்கவில்லை, அது பொதுவான லிஸ்ட் என்று சொல்லிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் போனை வாங்கி, பிள்ளைகள் இருப்பது இரண்டு அறை அபார்ட்மென்ட் என்று விளக்கினார். அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சரி மாப்ள. கட்டில், பீரோ, மெத்தை, அண்டா, 51 தட்டு. மேளத்தோட வரும். அவன் எங்க இருந்தா என்ன, மண்டபத்துல நாலு பேரு பாக்கணும்ல" என்று முடித்துவிட்டார். தேக்குக் கட்டிலை டெக்சாஸுக்கு எப்படிக் கொண்டுபோவது என்பது அவர் கவலை இல்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு ஆள் பிடிவாதத்துக்காக ஒரு மினி லாரி, தூக்க எட்டு ஆள், பீரோவை நிறுத்த மண்டபத்தில் இடம், அந்த இடத்துக்காக அலங்காரக்காரரோடு ஒரு சண்டை.

இதைவிடப் பெரிய வினை பத்திரிகையில் இருந்தது. பிள்ளைகள் நல்ல எண்ணத்தில் "மொய் தவிர்க்கவும்" என்று கீழே ஒரு வரி அச்சடித்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் அண்ணன் பெட்டியைத் திறந்து மொய் நோட்டுகளை எடுத்து வைத்தார். அப்பா காலத்து நோட்டு ஒன்று, பவுண்டு அட்டை, ஓரமெல்லாம் கறையான் தின்றது. அப்புறம் அவர் எழுதியவை. நான் விமானம் ஏறிய பிறகு ஊரில் நடந்த கல்யாணம், காதுகுத்து, புதுமனை, வசந்த விழா ஒன்று விடாமல் அவர் போயிருக்கிறார். போன இடத்தில் எல்லாம் அவர் பெயரில் ஒரு மொய், என் வீட்டுக்காரர் பெயரில் ஒரு மொய். 101, 251, 501, பிற்பாடு 1001. அந்த இரண்டாவது மொய்க்கான பணத்தை அவர் ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. இப்படி ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருப்பதையே சொன்னதில்லை.

"இதெல்லாம் இப்பதான் திரும்பி வரணும். மொய் வேணாம்னு போட்டா அவங்க வாங்குன கடன எங்க போயி கழிப்பாங்க?" என்றார்.

எங்கள் பக்கம் இது விளையாட்டுக் காரியம் இல்லை. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி ஆவணியில் கல்யாணமே இல்லாமல் மொய் விருந்து என்று தனியாக வைத்துப் பணம் திரட்டிக் கிணறு வெட்டுவார்கள், கடை வைப்பார்கள், பிள்ளையைப் படிக்கவைப்பார்கள். போட்டவருக்கு அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்தாக வேண்டும், கொஞ்சம் கூட்டியும் செய்ய வேண்டும். வாங்கியதை மட்டும் அப்படியே திருப்பினால் உறவை முடித்துக்கொள்கிறார் என்று எடுத்துக்கொள்வார்கள். இதை நடை என்கிறார்கள்: வாங்கியதைத் திருப்புவது பழைய நடை, மேலே கூட்டிப் போடுவது புது நடை. இப்படி இருக்கிற ஊரில் நம் பிள்ளைகள் ஏர் பிரையர் போதும் என்று லிஸ்ட் அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பத்திரிகை மறுபடி அச்சடித்தோம். மண்டப வாசலில் மேசை போட்டோம், எண்ண ஒருவர், எழுத ஒருவர், மஞ்சள் பை பிடிக்க ஒரு பையன். முதல் பெயர் தாய்மாமன் பெயர்தான், அதைத் தெரிந்த ஆளையே எழுத உட்காரவையுங்கள். வாடகைக்கு வருகிற கம்ப்யூட்டர் மொய்காரர்கள் ரசீதெல்லாம் கொடுப்பார்கள், ஆனால் முறை தெரியாதவர்களாக இருந்தால் முதலில் வந்தவர் பெயரை முதலில் அடித்துவிடுவார்கள். 2021-இல் மதுரைப் பக்கம் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மொய்க்கு க்யூஆர் கோடு போட்டது செய்தியாக வந்தது. இப்போது அது சகஜம். வைப்பதானால் மேசையில் வையுங்கள், பணம் வந்ததும் நோட்டிலும் எழுதச் சொல்லுங்கள். நோட்டில் இல்லாத மொய் ஊரில் கணக்கில் இல்லை.

ஆக, லிஸ்ட் நண்பர்களுக்கும் வெளிநாட்டு உறவுகளுக்கும். ஊர்க்காரர்களுக்கு மொய் மேசை. கணக்கு வைத்திருக்கிற அந்த ஒருத்தரைத் தவிர, தாய்மாமன், அத்தை, சித்தப்பா போன்றவர்களின் கண்ணில் லிஸ்ட் படவே கூடாது. குடும்பக் குழுவில் போடாதீர்கள், ஒவ்வொருவராகக் கேட்டு அனுப்புங்கள்.

பெண் வீட்டுக் குழுவில் கண்டிப்பாகப் போடாதீர்கள். எங்கள் லிஸ்ட் கை மாறிக் கை மாறிப் பெண்ணின் பெரியப்பாவுக்குப் போய்விட்டது. கோர்ட்டில் வேலை பார்த்தவர். "மாப்பிள்ளை வீட்டுலேருந்து எழுத்துல லிஸ்ட் வந்திருக்கே" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1961 வரதட்சணைத் தடைச் சட்டத்தில், கேட்காமல் கொடுக்கிற பரிசுக்குத்தான் இடம் இருக்கிறது. அதற்கும் பட்டியல் வேண்டும் என்று 1985-இல் விதி போட்டார்கள்: என்ன பொருள், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவுமுறை, கீழே மணமக்கள் இருவர் கையெழுத்து. பெண்ணுக்கு வந்தவற்றின் பட்டியல் பெண்ணிடம், மாப்பிள்ளைக்கு வந்தவற்றின் பட்டியல் மாப்பிள்ளையிடம் இருக்க வேண்டும். அதாவது சட்டம் கேட்கிற லிஸ்ட் பரிசு வந்த பிறகு எழுதுவது. அண்ணனின் பீரோவையும் அதில் சேர்த்து எழுதினோம்.

பணத்துக்கு வருகிறேன். கல்யாணத்தின்போது மணமக்களுக்கு வருகிற பரிசுக்கு வருமான வரி இல்லை. பெற்றோர் பெயரில் வாங்கினால் அந்தச் சலுகை கிடையாது. ஒரு நிகழ்ச்சிக்காக ஒரே ஆளிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2017 முதல் சட்டம் இருக்கிறது. கல்யாணத்துக்காக மொத்தமாகப் பணத்தை எண்ணிக் கடையில் கொடுக்கப் பார்ப்பவர்களுக்கும் இதே பதில்தான். மொய்ப் பணத்தை என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் இருப்பவர்கள் உள்ளூர்ப் பணத்தைப் போட்டுவைக்கிற கணக்கு) கட்டுங்கள், வெளிநாட்டிலிருந்து அனுப்புகிற பணத்துக்கான என்ஆர்இ கணக்கில் உள்ளூர் ரூபாயை வாங்க மாட்டார்கள். மொய் நோட்டின் பக்கங்களைப் போட்டோ எடுத்து பேங்குக்கு எடுத்துப் போங்கள்.

நோட்டு ஊரிலேயே இருக்கட்டும். ஆவணியில் வரிசையாக விசேஷம் வரும், நம் பெயரில் யாராவது போய் எழுத வேண்டும். அதற்கான பணத்தை முன்கூட்டியே விட்டுவிட்டு வாருங்கள். அண்ணனிடம் நீட்டினால் வாங்க மாட்டார், அண்ணியிடம் கொடுங்கள்.