‘சும்மாதான் இருக்கேன்’: பெண்களின் உழைப்பை ஆய்வு செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்ருட்டிப் பக்கம் திண்ணையில் உட்கார்ந்து முந்திரிக் கொட்டை உடைக்கும் பெண்ணிடம் ‘வேலைக்குப் போறீங்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘இல்லீங்க, சும்மாதான் இருக்கேன்’ என்பார். கை மட்டும் நிற்காது. அவர் பொய் சொல்லவில்லை. வேலைக்குப் ‘போவது’ என்றால் வாசல் தாண்டுவது, அவர் தாண்டவில்லை, அவ்வளவுதான். இதை ‘இல்லத்தரசி’ என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்வதுதான், இடத்தையும் ஆண்-பெண் உறவையும் சேர்த்துப் பார்க்கும் பெண்ணியப் புவியியலின் களப்பணியில் முதல் தவறு. தேசிய மாதிரி ஆய்வின் குறியீட்டில் அவர் 92-க்குள், அதாவது வீட்டு வேலை மட்டும் செய்பவராகப் போய் விழுவார். உழைப்பாளர் கணக்கிலேயே வரமாட்டார்.

‘நேத்து எத்தனை கிலோ உடைச்சீங்க? மூட்டையை யாரு கொண்டாந்து போட்டாங்க? காசு யாரு கையில வந்துச்சு?’ என்று கேளுங்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசும் இடத்தில் நோட்டில் ஒரு பெயர்தான் இருக்கும். மாமியார் கையும் பள்ளி விட்டு வந்த மகள் கையும் சேர்ந்தே உடைத்திருக்கும். மூன்று பேர் உடைத்ததை ஒருவர் கணக்கில் எழுதினால் மணிக்கூலி மூன்று மடங்காகத் தெரியும். எத்தனை கை, எத்தனை மணி நேரம் என்பதைத் தனித்தனியே எழுதாத படிவம் உதவாது.

அடுத்தது போகிற நேரம். காலை பத்து மணிக்குக் கிளம்பி ஐந்து மணிக்குத் திரும்பும் ஆய்வாளர் கண்ணில் வீட்டில் இருப்பவர்கள் மட்டுமே படுவார்கள். மீன் விற்கும் பெண்கள் விடியுமுன் துறைமுகத்து ஏலத்தில் நிற்பார்கள், பிறகு ஷேர் ஆட்டோ, பிறகு தெருத்தெருவாகக் கூடை. 2019-இல் நடந்த அகில இந்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒரு நாளை அதிகாலை 4 மணி முதல் மறுநாள் 4 மணி வரை அரை மணித் துண்டுகளாகப் பிரித்தது. அந்த அளவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ‘எத்தனை மணிக்கு?’ என்று கேட்டால் பதில் தடுமாறும். குழாயில் தண்ணீர் வந்தது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியது, தண்டல்காரர் வந்தது என்று அடையாளம் வைத்துக் கேட்டால் தெளிவாக வரும். ஒரே அரை மணியில் உலை கொதிக்கும், பிள்ளை படிக்கும், கொட்டையும் உடையும். மூன்றையும் எழுத இடம் விடுங்கள்.

வர்க்கம் பற்றிக் கேட்பதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். ஆங்கிலப் படிவத்தை மொழிபெயர்த்து ‘நீங்க எந்த வகுப்பு?’ என்று கேட்டால் ‘எம்பிசி’ என்று பதில் வரும். சாதிச் சான்றிதழில் அந்தச் சொல்லுக்கு அதுதானே பொருள்! ‘வர்க்கம்’ என்றால் மேடைப் பேச்சு ஞாபகம் வரும். ‘நடுத்தரக் குடும்பமா?’ என்று எடுத்துக் கொடுத்தால் குடிசைக்காரரும் மாடிவீட்டுக்காரரும் ஒருசேரத் தலையாட்டுவார்கள். மக்கள் பேசும் வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது: ‘கூலிக்குப் போறேன்’, ‘கம்பெனிக்குப் போறேன்’, ‘டூட்டிக்குப் போறேன்’. கழுத்தில் அடையாள அட்டை மாட்டி கடலூர் சிப்காட்டுக்கோ புதுச்சேரியின் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்கோ வேன் ஏறும் பெண், சம்பளம் நடவுக்கூலியைவிடப் பெரிதாக இல்லாவிட்டாலும், தன்னைக் கூலிக்காரி என்று சொல்லிக்கொள்ள மாட்டார். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனி கறுத்துத் தோல் உரிந்த பெண், கல்யாண வீட்டில் கையைப் புடவைக்குள் மறைப்பார். வர்க்க அடையாளத்தை அங்கே பாருங்கள், வருமானக் கட்டத்தில் மட்டும் தேடாதீர்கள். கணவர் வேலையை வைத்து மனைவிக்கு வர்க்கம் ஒட்டுவது இன்னும் மோசம். சாதியைத் தனிக் கேள்வியாக வைக்காமல் வர்க்கத்தை மட்டும் பேசுவதும் அப்படித்தான்.

கோட்பாட்டை இறக்குமதி செய்வதிலும் கவனம் தேவை. பிரிட்டிஷ் புவியியலாளர்கள் டோரீன் மாஸியும் லிண்டா மெக்டவலும் 1984-இல் இங்கிலாந்தின் டர்ஹாம் நிலக்கரி, லங்காஷயர் பஞ்சாலை, லண்டன் ஹாக்னியின் தையல் தொழில், ஃபென்ஸ் வயல்வெளி என்று நான்கு இடங்களை எடுத்து, ஆண்-பெண் உறவு ஊருக்கு ஊர் எப்படி வேறுபட்டது என்று காட்டினார்கள். இங்குள்ள ஆய்வாளர்கள் உடனே நெய்வேலிக்கு டர்ஹாம், புதுச்சேரி மில்லுக்கு லங்காஷயர் என்று ஜோடி சேர்த்துவிடுகிறார்கள். இடம் மாறினால் உறவும் மாறும் என்பதே மாஸி, மெக்டவல் இருவரின் வாதம். பிறகெப்படி அவர்கள் வார்த்த அச்சு மட்டும் இங்கே மாறாமல் பொருந்தும்?

புவியியலாளர்கள் சூசன் ஹான்சனும் ஜெரால்டின் பிராட்டும் அமெரிக்காவின் வொர்செஸ்டரில் பெண்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை தேட நேர்வதை ஆராய்ந்தார்கள். இங்கே ‘பக்கம்’ என்பதைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள். எந்தப் பேருந்து என்று கேளுங்கள். தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கடலூர்-புதுச்சேரி தனியார் பேருந்தில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். பாகூர்ப் பக்கம் தமிழ்நாடு-புதுச்சேரி எல்லை வயலுக்கு வயல் மாறும். வீடு ஒரு மாநிலத்தில், வேலை இன்னொன்றில் என்றிருப்பவரை, மாவட்டப் பட்டியலை மட்டும் வைத்து மாதிரி எடுத்தால் தவற விடுவீர்கள்.

வருமானக் கேள்வியை முதல் பக்கத்தில் வைக்க வேண்டாம். கையில் படிவத்தோடு வருபவரைப் பார்த்தால் மகளிர் உரிமைத்தொகைக் கணக்கெடுப்பு என்றே நினைப்பார்கள். அந்த ஆயிரம் ரூபாய்க்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம், அதனால் சொல்லும் தொகை தானாகக் குறையும். கல்லூரிக் கடிதத்தைக் காட்டி, ஆதார், ரேஷன் அட்டை எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கி வந்து உங்களுக்குப் போட்டுவிட்டு, அவர் தரையில் உட்காருவார். நீங்களும் தரையில் உட்காருங்கள்; ‘மேடம்’ ‘ஏம்மா’ ஆகும்வரை பதிவுக்கருவியை எடுக்காதீர்கள். கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருந்தால் அதையும் குறிப்பில் எழுதுங்கள்; கூலி யார் கையில் என்ற கேள்வியை வேறொரு நாள் களத்துமேட்டிலோ பேருந்து நிறுத்தத்திலோ கேளுங்கள். வரைபடம் போடும்போது வீட்டின் ஜிபிஎஸ் புள்ளியை வைக்காமல், தெருவளவில் நிறுத்துங்கள். பெயரை மாற்றிவிட்டு வீட்டைக் காட்டிக் கொடுத்தால், மூட்டை போடும் ஏஜென்ட் அடுத்த வாரம் அந்தத் திண்ணைக்கு வரமாட்டார்.